மூலையில் ஓடும் மஞ்சள் எண்

கணிப்பொறியில் ஆட்டம் ஆடும்போது திரையின் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண், கடந்த ஒரு விநாடியில் அந்தக் கணிப்பொறி எத்தனை படங்களை வரைந்து முடித்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆட்டம் தங்குதடையின்றி ஓடியதா, இடையிடையே திக்கியதா என்பதைப் பற்றி அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இருந்தும், புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா, பழையதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாமா என்ற கேள்வி எழும் இடமெல்லாம், அது எறணாகுளத்து பென்டா மேனகா வளாகமானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும், முதலில் விசாரிக்கப்படுவது இந்த எண்தான். கொச்சியின் மட்டாஞ்சேரியைப் போன்ற பழைய வணிக ஊரில், அலுவலகத்தில் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்து சேர்ந்த கணிப்பொறியில் ஆட்டம் ஆடிப் பதிவும் செய்ய விரும்பும் இளைஞருக்கு, இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம். தவறாகப் படித்தால் தேவையற்ற கார்டுக்குப் பணம் போகும், அல்லது தேவையான ரேமுக்குப் போகாமல் நிற்கும்.

அசையும் காட்சி எதுவுமே அசையாத படங்களின் வரிசைதான். அந்த வரிசையில் ஒரு படத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். திரைப்படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் ஓடுகிறது. இந்தியத் தொலைக்காட்சி, நாட்டின் மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிப்பதை ஒட்டி 25 என்ற கணக்கை ஏற்றுக்கொண்டது. சாதாரணக் கணிப்பொறித் திரை விநாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. திரைப்படத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு என்னவென்றால், திரைப்படத்தின் ஃப்ரேம்கள் முன்பே எடுத்து வைக்கப்பட்டவை, ஆகவே சம இடைவெளியில் வந்துகொண்டிருக்கும்; ஆட்டத்தின் ஃப்ரேம்களோ ஆடுபவர் எங்கே திரும்புகிறார், எதிரே என்ன வெடிக்கிறது என்பதைப் பொறுத்து அந்தந்தக் கணத்தில் வரையப்படுபவை, ஆகவே ஒன்று 12 மில்லி விநாடியில் முடியும், அடுத்தது 40 மில்லி விநாடி இழுக்கும். விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. 30 போதும் என்றால் 33.3, போட்டி ஆட்டக்காரர்கள் வாங்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஏறத்தாழ 6.9. அளப்பதன் சிக்கல் முழுவதும் இந்தச் சீரின்மையிலிருந்தே பிறக்கிறது.

இந்த அளவைப் பொதுப் பழக்கமாக்கிய மென்பொருள் ஃப்ராப்ஸ். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த பீப்பா என்ற சிறு நிறுவனம் 1999இல் வெளியிட்ட இந்த மென்பொருள், விண்டோஸில் ஓடும் ஏறக்குறைய எந்த ஆட்டத்தின் மேலும் தன் மஞ்சள் எண்ணை ஏற்றி வைத்தது; எஃப்9 விசையை அழுத்தினால் ஆட்டம் காணொளியாகப் பதிவாகும், எஃப்10 ஒற்றைப் படத்தை எடுக்கும், எஃப்11 அளவீட்டைத் தொடங்கி நிறுத்தும். பதிவு ஓடும்போது மஞ்சள் எண் சிவப்பாக மாறும். காசு கொடுக்காதவருக்கு 30 விநாடிக்கு மேல் பதிவு கிடையாது, அதுவும் காணொளியின் உச்சியில் அந்த மென்பொருளின் இணைய முகவரி பொறிக்கப்பட்டே வரும். 37 டாலர் கொடுத்து முறையாக வாங்கியவர்கள் இந்தியாவில் எத்தனை பேர் என்பது கேட்காமல் விடவேண்டிய கேள்வி. கடைசிப் பதிப்பான 3.5.99, 2013 பிப்ரவரியில் வந்தது. அதன்பின் அது புதுப்பிக்கப்படவில்லை. 2015இல் விண்டோஸ் 10உடன் டைரக்ட்எக்ஸ் 12உம், 2016இல் வல்கன் என்ற வரைவு இடைமுகமும் வந்தபோது, அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட ஆட்டங்களில் ஃப்ராப்ஸின் எண் தோன்றவே இல்லை.

அது ஏன் தோன்றவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். ஆட்டத்தின் நிரல் எந்தப் படத்தையும் நேரே திரையில் வரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நினைவகப் பரப்பில் முழுப் படத்தையும் வரைந்து முடித்த பிறகு, ‘இதைக் காட்டு’ என்று டைரக்ட்எக்ஸுக்கு ஓர் ஆணை அனுப்புகிறது. அந்த ஆணைக்கு பிரசென்ட் என்று பெயர். ஃப்ராப்ஸ் செய்ததெல்லாம், தன் நிரல்துண்டு ஒன்றை ஆட்டத்தின் செயல்பாட்டுக்குள்ளேயே புகுத்தி, அந்த ஆணை போகும் வழியில் குந்திக்கொண்டதுதான்: ஆணை வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும், எண்ணிக்கையை ஒன்று கூட்டும், படத்தின் மூலையில் தன் எண்ணை வரையும், பிறகு ஆணையை டைரக்ட்எக்ஸிடம் ஒப்படைக்கும். டைரக்ட்எக்ஸ் 12உம் வல்கனும் வேலையை வேறு விதமாகப் பங்கிட்டுக்கொண்டதால், பழைய வழியில் குந்தியிருந்தவர் வெறுங்கையோடு நின்றார்.

ஆட்டத்துக்குள் புகுந்து வழிமறிக்கும் இந்த உத்தியை ஹூக் என்பார்கள். சுவருக்கு அப்பால் நிற்கும் எதிரியைக் காட்டிக்கொடுக்கும் ஏமாற்று மென்பொருள்கள் பலவும் இதே உத்தியைத்தான் கையாளுகின்றன என்பதால், நல்லவரையும் கெட்டவரையும் பிரித்தறிய ஆட்ட நிறுவனங்களுக்கு எளிய வழி இல்லை. 2020இல் வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தில் நம்பகப் பயன்முறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தபோது, உலகெங்கும் நேர்மையாகப் பதிவு செய்துகொண்டிருந்தவர்களின் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளும் சேர்ந்தே தடைபட்டது. ஆட்டத்தைத் தொடங்கும்போதே ஒரு சிறப்புக் கட்டளையைச் சேர்த்தால்தான் வழிமறித்துப் பதியும் முறை வேலைசெய்யும் என்ற நிலை வந்தது. அதற்கு முன்பே அளவீட்டு மென்பொருள்கள் பல வழிமறிப்பதை விட்டு ஒட்டுக்கேட்பதற்கு மாறியிருந்தன. இன்டெல் நிறுவனம் மூலநிரலோடு வெளியிட்ட பிரசென்ட்மான் அப்படிப்பட்டது: விண்டோஸ் தன்னுடைய உள்நிகழ்வுகளைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, பிரசென்ட்மான் அந்தக் குறிப்புகளைப் படித்தே ஃப்ரேம் எப்போது ஒப்படைக்கப்பட்டது, எப்போது திரைக்குப் போனது என்பதைக் கணக்கிடுகிறது. ஏஎம்டியின் ஓகேட், என்விடியாவின் ஃப்ரேம்வியூ, கேப்ஃப்ரேம்எக்ஸ் ஆகிய மூன்றும் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவையே. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்து வரும் ரிவாடியூனர் மட்டும் இன்றும் பழைய வழிமறிப்பு உத்தியையே பெரிதும் நம்பியிருக்கிறது. மூலையில் எண் தெரியவேண்டும் என்பவர்கள் அதிகம் நாடுவதும் அதைத்தான்.

எண்ணே எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதற்கு ஒரு விநாடியை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் போதும். அந்த விநாடியில் 54 ஃப்ரேம்கள் தலா 16.67 மில்லி விநாடியில் வந்துவிட்டன என்றும், ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும், வட்டிலிருந்து ஏதோ கோப்பு வந்து சேரக் காத்திருந்த காரணத்தால், 100 மில்லி விநாடி எடுத்தது என்றும் கொண்டால், மூலையில் தெரியும் எண் 55. அறுபதுக்கு ஐந்துதான் குறைவு. யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமின்போது திரை விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உறைந்து நின்றிருக்கிறது. துப்பாக்கி ஆட்டத்தில் ஆள் சாவதற்கு அது தாராளமாகப் போதும். ஆடியவர் ‘ஸ்டக் ஆகுது’ என்கிறார், எண்ணோ ‘எல்லாம் நலம்’ என்கிறது, தவறு எண்ணின்மேல்தான்.

சராசரி எடுக்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு ஃப்ரேம் 10 மில்லி விநாடியிலும் அடுத்தது 40 மில்லி விநாடியிலும் வந்தால், முதலாவதன் வேகம் விநாடிக்கு 100, இரண்டாவதன் வேகம் 25, இரண்டின் சராசரி 62.5 என்று கணக்குப் போடத் தோன்றும். உண்மையில் 50 மில்லி விநாடியில் இரண்டு ஃப்ரேம்கள் வந்திருக்கின்றன. அப்படியானால் வேகம் விநாடிக்கு 40தான். வேகங்களைக் கூட்டி வகுப்பவர் எப்போதும் கணிப்பொறியை அதன் தகுதிக்கு மேல் புகழ்கிறார். நேரங்களைக் கூட்டி வகுத்து, கடைசியில் வேகமாக மாற்றுவதே முறை. எக்ஸெல் விரிதாளில் ஃப்ரேம் வேகங்களின் நிரலை இழுத்துச் சராசரி பார்த்துவிட்டு மதிப்புரை எழுதும் யூடியூப் காணொளிகள் தமிழிலும் மலையாளத்திலும் குறைவில்லை.

மட்டாஞ்சேரி மிளகுச் சந்தை இந்த இடத்தில் ஒப்பிடத் தகுந்தது. 1957இல் தொடங்கப்பட்ட இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் யூதத் தெருவில் அமர்ந்து மிளகின் முன்பேர வணிகத்தை நடத்திய காலத்திலிருந்தே, மிளகின் தரத்தை அறிய லிட்டர் எடை என்ற அளவு புழக்கத்தில் உண்டு: ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் மிளகு பிடிக்கிறது என்பதே அது, மலபார் மிளகுக்கு 550 கிராம் என்பது பழகிய கணக்கு. ஆனால் எந்த வணிகரும் அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடுவதில்லை. சாக்கின் வெவ்வேறு இடங்களில் குத்தூசியைச் செலுத்தி மாதிரி எடுத்து, உள்ளீடற்ற இலேசான மிளகு எத்தனை, ஊசித்தலை அளவே உள்ள பிஞ்சு எத்தனை, தூசி எத்தனை என்று தனித்தனியே பிரித்துப் பார்க்கிறார்கள். நல்ல மிளகு முழு எடையோடு இருப்பதால் சொத்தையும் சேர்ந்து சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். கணிப்பொறி மதிப்புரையாளர்கள் இந்த விவேகத்தை அடைய 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன், விநாடிக்குள்ளே நடப்பதைப் பார்க்கவேண்டும் என்று வாதிட்டு நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதற்கு அவருக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. ஃப்ராப்ஸ் அளவீடு முடிந்ததும் எழுதிவைக்கும் கோப்புகளில், எல்லோரும் எடுத்துப் பார்க்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்ற கோப்போடு, ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த மில்லி விநாடியில் வந்தது என்ற வரிசையும் கிடந்தது, பெரும்பாலானோர் அதைத் திறந்து பார்க்காமல் விட்டிருந்தனர். இன்று மதிப்புரைகளில் காணப்படும் ‘1 சதவீதத் தாழ்வு’ என்ற அளவு அந்தக் கட்டுரை திறந்துவிட்ட பாதையில் வந்ததே: ஒரு நிமிட ஆட்டத்தில் 3,600 ஃப்ரேம்கள் வந்தால், அவற்றுள் மிகத் தாமதமாக வந்த 36ஐ மட்டும் பிரித்தெடுத்து அவற்றின் வேகத்தைச் சொல்வது. சிலர் அந்த 36இன் சராசரியைச் சொல்கிறார்கள், சிலர் 36ஆவது இடத்தில் நிற்கும் ஃப்ரேமின் நேரத்தை மட்டும் சொல்கிறார்கள். பெயர் ஒன்று, கணக்கு இரண்டு என்பதால், இரு வேறு மதிப்புரைகளின் தாழ்வுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

ஃப்ரேம் நேரமும் முழு உண்மை ஆகிவிடவில்லை. ஃப்ராப்ஸ் அளந்தது ஆட்டம் படத்தை ஒப்படைத்த கணத்தை. படம் திரைக்கு வந்த கணத்தை அன்று. இரண்டுக்கும் இடையில் இயக்கி மென்பொருளும் வரிசையில் காத்திருப்பும் உண்டு. 2013இல் என்விடியா எஃப்கேட் என்ற முறையை வெளியிட்டது: ஒவ்வொரு ஃப்ரேமின் இடது ஓரத்திலும் வெவ்வேறு வண்ணப் பட்டை ஒன்றைப் பூசி, திரைக்குப் போகும் சமிக்ஞையையே இன்னொரு கணிப்பொறியில் கேப்சர் கார்டு வழியாகப் பதிந்து, பட்டைகளின் உயரத்தை எண்ணி, எந்த ஃப்ரேம் திரையில் எவ்வளவு இடம் பெற்றது என்று பார்ப்பது அதன் உத்தி. ஏஎம்டியின் இரட்டைக் கார்டு அமைப்பில் பாதி ஃப்ரேம்கள் திரையில் சில வரிகளே தோன்றி மறைந்தன என்பதும், ஃப்ராப்ஸ் அவற்றையும் முழு ஃப்ரேமாக எண்ணிக் காட்டியது என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டன. போட்டி நிறுவனத்தின் குறையைக் காட்டுவதற்காகவே என்விடியா அந்தக் கருவியைக் கொடுத்தது என்று சந்தேகிப்பதில் தப்பில்லை. ஆனால் குறை உண்மையாக இருந்தது, ஏஎம்டியும் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே இயக்கியைத் திருத்தி வெளியிட்டது.

கேரளத்தில் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளின் பக்கம் திருப்பியதால், விண்டோஸைத் தொடுமுன்னரே குனு/லினக்ஸைத் தொட்ட தலைமுறை அங்கே வளர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஃப்ராப்ஸ் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்த முதல் ஃப்ரேம் எண், முனையத்தில் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்று தட்டினால் மூன்று பற்சக்கரங்கள் சுழல, ஐந்து விநாடிக்கு ஒருமுறை கீழே வரியாக வந்து விழும் எண்ணாகத்தான் இருந்திருக்கும். திரையின் புதுப்பிப்போடு பூட்டியிருந்தால் அது எந்தக் கணிப்பொறியிலும் 60 என்றே சொல்லும். பூட்டை அவிழ்த்தால் பல ஆயிரம் என்று சொல்லும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சக்கரங்களைத் தவிர வேறொன்றையும் வரையாத நிரலின் வேகம், ஆட்டத்தின் வேகத்தைப் பற்றி எதையும் சொல்வதற்கில்லை. அதை எழுதியவர்களும் அதை அளவுகோலாகக் கருதியதில்லை. இன்று அந்த இடத்தில் மேங்கோஹட் இருக்கிறது: வல்கன் தானே அனுமதித்திருக்கும் அடுக்கு முறையில் சேர்ந்துகொண்டு, எண்ணோடு ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் நாடித்துடிப்புக் கோடாக வரைந்து காட்டுகிறது. திக்கல் வந்த இடத்தில் கோடு ஊசிபோல் எழும்பும்; மூலையில் எண் ஓடுவதைவிட இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகுவது நல்லது.

அளப்பதைவிடப் பதிவது கணிப்பொறிக்குப் பெரும் பாரம். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ இருபது லட்சத்து எழுபத்து நான்காயிரம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு ஃப்ரேம் 6.2 எம்பி, விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 373 எம்பி. சுழலும் வட்டு விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பிக்கு மேல் எழுதத் திணறும். ஃப்ராப்ஸ் இதைத் தனக்கே உரிய மென்மையான சுருக்க முறையால் சமாளித்தது; அதனால் செயலிக்குப் பாரம் குறைந்தது, வட்டுக்குப் பாரம் கூடியது, நான்கு ஜிபிக்கு ஒரு கோப்பாகத் துண்டுதுண்டாக நிரம்பி வழிந்தது. போதாததற்கு, வரைந்த படத்தைக் கார்டின் நினைவகத்திலிருந்து கணிப்பொறியின் நினைவகத்துக்கு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நகலெடுக்க வேண்டியிருந்ததால், பதிவைத் தொடங்கியதுமே ஆட்டத்தின் வேகம் விழுந்தது. பதிவில் தெரியும் வேகம் ஒருபோதும் பதியாதபோது இருந்த வேகம் அன்று. யூடியூபில் சிவப்பு எண்ணைக் காட்டி ‘இந்த கார்டு இவ்வளவுதான்’ என்று தீர்ப்பளித்த பழைய காணொளிகளை அந்தக் கணக்கோடுதான் பார்க்கவேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்று அதற்கும் முன்பிருந்தே இருந்தது. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் ஆட்டம், படத்தைப் பதியாமல் ஆடுபவரின் கையசைவை மட்டும் பதிந்தது: விநாடிக்கு 35 முறை, ஒவ்வொரு முறையும் நான்கே பைட், முன்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, திரும்பியது எவ்வளவு, எந்தப் பொத்தான் என்று. ஒரு நிமிட ஆட்டம் 8,400 பைட்டில் அடங்கிவிடும். அதை மறுபடி ஓட்டும்போது ஆட்டமே மீண்டும் நடக்கும். எவ்வளவு வேகமாக வரைய முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டச் சொன்னால் அதுவே அளவுகோல் ஆகிவிடும். 1996இல் வந்த குவேக் ஆட்டத்தின் டைம்டெமோ கட்டளை அந்நாளைய மதிப்புரைகளின் பொது மொழியாக இருந்தது, கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய இந்திய சைபர் கஃபே தலைமுறைக்கும் டெமோ கோப்பு பழக்கமானதுதான், வென்றதை நிரூபிக்கவும் ஏமாற்றியவரைப் பிடிக்கவும் அது பயன்பட்டது. அதன் ஒரே குறை, ஆட்டத்தின் பதிப்பு மாறிவிட்டால் பழைய டெமோ வேறு எதையோ காட்டும் என்பது; கதவு இருந்த இடத்தில் இல்லாமல், வீரர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்.

பதிவின் பாரத்தைக் குறைத்தது மென்பொருளைவிடச் சில்லுதான். 2011 தொடக்கத்தில் வந்த இன்டெல் செயலிகளில் குவிக் சிங்க் என்ற காணொளிச் சுருக்கும் பகுதி சேர்ந்தது; 2012இல் என்விடியா தன் கார்டுகளில் அதற்கு இணையான என்வென்க்கைச் சேர்த்து, 2013 அக்டோபரில் ஷேடோபிளே என்ற பதிவு மென்பொருளை வெளியிட்டது. கடைசிச் சில நிமிடங்களை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு, நல்ல ஆட்டம் ஒன்று நடந்தபிறகு சேமிக்கச் சொன்னால் சேமிக்கும் ஏற்பாடு அதில் வந்தது. விநாடிக்கு 12 மெகாபிட் என்று வைத்தால் 373 எம்பி வெறும் 1.5 எம்பியாகச் சுருங்குகிறது, ஒரு மணி நேரம் 5.4 ஜிபியில் முடிகிறது. மட்டாஞ்சேரியில் பஜார் சாலைக் கிடங்கொன்றின் கணக்கு மேசையிலிருந்து கழித்துக்கட்டப்பட்ட இன்டெல் கணிப்பொறியிலும் இந்தப் பகுதி இருக்க வாய்ப்பு உண்டு; தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்பதற்காகப் பதிவையும் கைவிடத் தேவையில்லை. 2012இல் ஹியூ பெய்லி எழுதத் தொடங்கிய ஓபிஎஸ் மென்பொருளில் சுருக்கும் முறையை, செயலியையே நம்பும் எக்ஸ்264இலிருந்து குவிக் சிங்க்குக்கு மாற்றுவது ஒரே ஒரு தெரிவு. அதைச் செய்யாமல் செயலியின் முழு உழைப்பையும் சுருக்கத்துக்குத் தாரைவார்த்துவிட்டு, ஆட்டம் திக்குகிறது என்று புதிய கார்டு தேடுபவர்கள்தான் அதிகம்.

கொச்சியில் ஆடுபவர் சந்திக்கும் இரண்டு இடையூறுகளைச் சொல்லாமல் விடமுடியாது. முதலாவது வெப்பம். செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில், காற்றோட்டமில்லாத மாடியறையில், முதல் ஐந்து நிமிடம் 60 காட்டிய மடிக்கணினி இருபதாவது நிமிடம் 40க்கு இறங்குவது இதனால்தான். கடையில் குளிரூட்டிய அறையில் இரண்டு நிமிடம் அளந்து காட்டப்படும் எண் வீட்டில் கிடைக்காது; இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆட்டத்தின் அதே இடத்தில், அதே பாதையில் மூன்று முறை ஓடிப் பார்த்த எண்ணையே கணக்கில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, லாக் என்ற ஒரே சொல்லால் இரு வேறு நோய்களைக் குறிக்கும் வழக்கம். ஃப்ரேம் தாமதம் வீட்டுக்குள் நடப்பது. பிங் என்பது செய்தி சேவையகத்துக்குப் போய்த் திரும்பும் நேரம். ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பை கொச்சியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால் போய்வரக் குறைந்தது 10 மில்லி விநாடி, சிங்கப்பூர் மூவாயிரத்துக்கு மேல் என்பதால் குறைந்தது 30. சேஃப் என்ற கடலடிக் கேபிள் கொச்சியிலேயே கரையேறியது என்றாலும், ஆட்டக்காரரின் செய்தி அந்த வழியாகத்தான் போகும் என்று உறுதியில்லை. எந்தக் கிராஃபிக்ஸ் கார்டாலும் பிங்கைக் குறைக்க முடியாது, எந்த இணைய இணைப்பாலும் ஃப்ரேம் நேரத்தைக் குறைக்க முடியாது. இரண்டையும் ஒரே திரையில் தனித்தனியே காட்டிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் நெட்கிராஃப் வரி இந்த வகையில் இன்றைய பல மென்பொருள்களைவிட நேர்மையானது.

2022 இலையுதிர் காலத்தில் என்விடியா டிஎல்எஸ்எஸ் 3ஐ வெளியிட்டதிலிருந்து மஞ்சள் எண்ணின் மதிப்பு இன்னும் ஒரு படி இறங்கியது. ஆட்டம் வரைந்த இரு ஃப்ரேம்களுக்கு இடையில் கார்டு தானே ஊகித்து இன்னொன்றை வரைந்து செருகுகிறது; எண் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, காட்சி வழுக்கலாக ஓடுகிறது, ஆனால் மௌஸை அசைத்ததற்குத் திரை பதில் சொல்லும் நேரம் குறைவதில்லை, அடுத்த உண்மை ஃப்ரேமுக்காகக் காத்திருப்பதால் சற்றுக் கூடவும் செய்கிறது. அட்டைப் பெட்டியில் அச்சாகும் எண்ணுக்கு இனி இரண்டு மதிப்பு என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

பதிவு செய்பவருக்குக் கடைசியாக ஒன்று. ஜூன் மாத மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், ஓபிஎஸ்ஸில் கோப்பு வடிவத்தை வழக்கமான எம்பி4ஆக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பதிவது துணிச்சல். அந்த வடிவத்தில் எந்த ஃப்ரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது; நடுவில் மின்சாரம் போனால் பத்து ஜிபி கோப்பு வட்டில் இருக்கும், வழக்கமான எந்த மென்பொருளாலும் அதைத் திறக்க முடியாது. எம்கேவி வடிவம் வரவரத் தன்னைத் தானே குறித்துக்கொண்டு போவதால், மின்சாரம் போன கணம் வரைக்கும் பதிவு பிழைத்திருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலிலேயே உள்ள ரீமக்ஸ் என்ற வசதியால் படத்தின் தரம் குறையாமல் சில விநாடிகளில் எம்பி4ஆக மாற்றிக்கொள்ளலாம். 2024இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து இரண்டின் குணமும் கலந்த எம்பி4 வடிவமும் அதில் உண்டு. யுபிஎஸ் வாங்கக் காசில்லாதவர் இந்த ஓர் அமைப்பை மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம்.